எட்டாத போல்ட்

சித்தீக்கின் வலது கை கார் எஞ்சினுக்குள் சிக்கிக்கொண்டு வெகு நேரம் ஆகிவிட்டது. உள்ளே போகும்போது மல்லுக்கட்டியாவது போன கை, வெளியே வருவதற்கு ஒரேயடியாக மறுத்துவிட்டது. பாதி உடம்பைப் பானெட்டுக்கு அடியில் கொடுத்துவிட்டு, கன்னத்தைப் பேட்டரி மேல் சாய்த்தபடி, எஞ்சினின் நாடித் துடிப்பைக் கேட்கிற வைத்தியர் போல நின்றான்.

"மாமி, கொஞ்சம் தேங்காண்ணெ இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றான், குரலில் அவசரம் தெரியாமல்.

வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் ஜன்னத் பீவி நிமிர்ந்து பார்த்தாள். "தலைக்கா மாப்புள?"

"கைக்கு மாமி."

எண்ணெய் வந்தது. கூடவே மனைவி ஷமீராவும் வந்தாள். ஒரு கையில் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, மெலிந்த மறு கையை இடுக்குக்குள் சுலபமாக நுழைத்து, அவன் மணிக்கட்டில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கை வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. விரல் இடுக்கில் பிடித்திருந்த போல்ட்டும் வழுக்கிக்கொண்டு போய், எஞ்சினின் அடிவயிற்றில் எங்கோ 'ணங்' என்று விழுந்தது.

"என்ன சத்தம் மாப்புள?" என்று கேட்டாள் ஜன்னத் பீவி.

"செக் பண்றேன் மாமி" என்றான் சித்தீக்.

எல்லாம் வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. திருத்துறைப்பூண்டிக்குப் புறப்படலாம் என்று வண்டியைக் கிளப்பியவன், வீட்டு வாசலிலேயே திடுக்கிட்டுப் போனான். நேற்றுவரை பேசாமல் ஓடிய கார், வயலில் இறங்கிய அறுவடை மிஷின் மாதிரி உறுமியது. முத்துப்பேட்டை கடைத்தெருவில் அவன் போன பக்கமெல்லாம் ஆட்கள் வழிவிட்டு ஒதுங்கி, நெல் அறுக்கும் மிஷின் எங்கே என்று தேடினார்கள். கோரையாற்றுப் பாலத்தில் மீன்காரம்மா ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெக்கானிக் ஃபாஜில் பானெட்டைத் திறந்து ஒரு நிமிஷம் உள்ளே எட்டிப் பார்த்தான். எஞ்சினிலிருந்து புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்புகிற குழாயை வரிசையாகச் சில போல்ட்டுகள் எஞ்சினோடு இறுக்கிப் பிடித்திருக்கும். அதில் கடைசி போல்ட்டைக் காணவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் இத்தனை கூச்சல்.

"போல்ட் பெரிய விஷயம் இல்ல காக்கா" என்றான் ஃபாஜில், அண்ணன் முறை வைத்து. "அது இருக்கிற எடம்தான் பெரிய விஷயம். எஞ்சினுக்கும் பின்னாடி தகரத்துக்கும் நடுவுல இருக்கு. எஞ்சினை எறக்கினாத்தான் என் கை போகும். அறுப்பு முடியட்டும், பாப்போம்."

சம்பா அறுவடை உச்சத்தில் இருந்தது. ஃபாஜிலின் ஒர்க் ஷாப் வாசலில் பெல்ட் அறுந்த அறுவடை மிஷின்கள் வரிசை கட்டி நின்றன. சித்தீக்குக்கோ லீவு முடிய ஒரு வாரம்தான் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை திருச்சி ஏர்போர்ட்டில் விமானம் ஏற வேண்டும்.

அறுப்பு முடிகிற வரை வண்டி கிடக்கட்டும் என்று அவன் சொல்லியிருக்கலாம். அதற்கு மாறாக, "நீ உன் வேலயப் பாரு ஃபாஜில், இத நானே பாத்துக்கிறேன்" என்றான். அப்படிச் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் அவனுக்கு இருந்தது.

ஏனென்றால் ஊரைப் பொறுத்தவரை சித்தீக், சவூதியில் பெரிய மெக்கானிக். உண்மையில் தம்மாமில் ஒரு வண்டி யார்டில் அவன் ஸ்டோர் கீப்பர். மெக்கானிக்குகள் ஜன்னலில் வந்து கேட்கிற சாமானை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. எந்த வண்டிக்கு எந்த சாமான், அதன் நம்பர் என்ன என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். ஆனால் ஒரு நட்டைத் திருகியதில்லை. கல்யாணமான புதிதில், ஆளுயர ஸ்பேனர் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு எடுத்த போட்டோவை விளையாட்டாக அனுப்பிவிட்டான். அதை ஜன்னத் பீவி தெரு முழுக்கக் காட்டி, தன் மாப்பிள்ளை கை வைத்தால் செத்த வண்டியும் எழுந்து ஓடும் என்று சொல்லிவைத்தாள். அன்றைக்கு மறுக்கச் சங்கடமாக இருந்தது. பிறகு மறுக்க ஒரு சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

விழுந்த போல்ட், வண்டிக்கு அடியில் இருந்த தகட்டில் கிடந்தது. தகட்டைக் கழற்றி அதை எடுத்தான். அப்புறம் கிரீஸைத் தடவி ஸ்பேனர் நுனியில் போல்ட்டை ஒட்டவைத்துப் பார்த்தான். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைப் பார்ப்பதற்காக ஷமீராவின் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பின்பக்கம் இறக்கினான். கண்ணாடியில் வலது இடதாகத் தெரிந்ததால் ஓட்டையை விட்டுவிட்டு அக்கம்பக்கத்தில் இருந்ததையெல்லாம் குத்தினான். கடைசியில் கண்ணாடியையும் வெளிச்சத்தையும் ஷமீராவே பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் மேல மச்சான். அவ்வளவு இல்ல. இப்ப கீழ."

சாயங்காலம் போல்ட் ஏறியது. சாவியைத் திருப்பினான். வண்டி பூனை மாதிரி முனகியது. பாலம் வரை போய்த் திரும்பி வந்தான், கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு. ஜன்னத் பீவி அன்று இனிப்புக்கு வட்டலாப்பம் செய்தாள். பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போயிற்று, செய்தியோடு சேர்த்து.

மறுநாள் மத்தியானம் வண்டியைக் கிளப்பினான். அறுவடை மிஷின் திரும்பி வந்திருந்தது.

பானெட்டைத் திறந்து கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். போல்ட் இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. அடித்தகட்டில் தேடினான், வாசல் மணலைச் சல்லடை போடாத குறையாகத் தேடினான். ஷமீராவும் கூடவே குனிந்து தேடினாள். கிடைக்கவில்லை.

"நேத்து பாலத்துப் பக்கம் போனீங்கள்ல, அங்க விழுந்திருக்கும்" என்றாள் அவள்.

முதல் போல்ட்டை வாங்கியிருந்த, பஸ் ஸ்டாண்டை ஒட்டி இருந்த அஸாரின் ஸ்பேர்ஸ் கடைக்கே போய், அதே அளவில் போல்ட் கேட்டான். அஸார் சின்ன வயதுக்காரன்; சித்தீக்கைக் காக்கா என்றும், ஷமீராவை அக்கா முறையில் லாத்தா என்றும் கூப்பிடுவான். கேட்டதை எடுத்துக் கொடுப்பான்; எதற்கு, ஏன் என்று கேட்க மாட்டான். கேள்வி கேட்கிற கடைக்காரனிடம் மனிதர்கள் இரண்டாம் தடவை வர மாட்டார்கள் என்று அவனுடைய வாப்பா மீரா உசேன் சொல்லி வளர்த்திருந்தார். அவன் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு போல்ட்டை எடுத்துக் கொடுத்தான்.

வழியில் ஃபாஜிலிடம் விசாரித்ததில், ஸ்பிரிங் வாஷர் போடாமல் மாட்டினால் எஞ்சின் ஆட்டத்தில் கழன்றுதான் போகும் என்றான். ஆகவே வாஷர் போட்டான். போட்டு இறுக்கியதில் ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டிகளில் தோல் போயிற்று. கையை உதறியதில் முழங்கை பட்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் நிரப்புகிற பிளாஸ்டிக் டப்பா விரிசல் விட்டது. டப்பாவைப் பசை போட்டு ஒட்டினான். கையில் கட்டுப் போட்டாள் ஷமீரா. வண்டி பூனையானது.

அடுத்த நாள் மத்தியானம் மறுபடியும் மிஷின்.

இடம் போதாமல்தான் சரியாக இறுக்க முடியவில்லை என்று முடிவு கட்டி, சித்தீக் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தான். இப்போது தோள்வரை கை போயிற்று. போல்ட்டைச் சுகமாக இறுக்கினான். பேட்டரியை மறுபடி வைத்து ஒயரைத் தொட்டதும் ஹாரன் அலறத் தொடங்கியது. அது நிற்கவில்லை. சாயங்கால அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வருகிற நேரம். தெருவே வந்து காரைச் சூழ்ந்துகொண்டது. ஆளுக்கு ஒரு ஒயரைக் காட்டி இதுதான் என்றார்கள். ஒன்றைப் பிடுங்கியபோது வைப்பர் ஆட ஆரம்பித்தது. இன்னொன்றைப் பிடுங்கியபோது வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது, ஹாரன் நிற்கவில்லை. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் ஹாரனையே கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அந்தக் காருக்கு ஹாரன் கிடையாது. மறுநாள் போல்ட் மறுபடி காணாமல் போனதால், அதற்கு ஹாரன் தேவையும் படவில்லை.

இந்தத் தடவை அஸார் கொடுத்த போல்ட்டின் தலையில் புதிதிலேயே கீறல் இருந்தது. இப்போது வருகிற சரக்கெல்லாம் இந்த லட்சணம்தான் என்று சித்தீக் நொந்துகொண்டான். தம்மாமாக இருந்தால் இப்படிப்பட்டதை அலமாரியில் ஏற்றவே விட்டிருக்க மாட்டான். போல்ட் கழலாமல் இருக்க மரையில் தடவுகிற பசை ஒன்று உண்டென்று ஞாபகம் வந்து, அதையும் வாங்கித் தடவினான். அதுவும் நிற்கவில்லை. புகைக் குழாய்ச் சூட்டில் பசை உருகிவிடும் என்றான் ஃபாஜில். ஜன்னத் பீவி, வண்டிக்குக் கண் பட்டிருக்கிறது என்று சொல்லி, மிளகாயும் உப்பும் எடுத்து காரைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியே வரவில்லை, அவ்வளவு கண் என்றாள்.

இதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. பெட்டி கட்டி ஹாலில் நின்றது. வாசலில் கார் நின்றது, வைப்பர் பாதியில் நிற்க, ஹாரன் இல்லாமல், ஒட்டுப்போட்ட டப்பாவோடு.

சித்தீக் ஒவ்வொரு லீவின் கடைசி வாரத்திலும் ஒன்றுக்குத் தயாராக இருப்பான். இங்கேயே இருந்துவிடக் கூடாதா என்று ஷமீரா ஒரு தடவை கேட்பாள். இன்னும் ரெண்டே வருஷம் என்று அவன் சொல்லுவான். அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். கல்யாணமானதிலிருந்து இதுதான் நடைமுறை. இந்த முறை அவள் கேட்கவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது என்று அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் என்னவோ போலவும் இருந்தது.

"வண்டி கெடந்தா கெடக்குது மச்சான்" என்றாள் அன்று, அவன் சட்டைகளை மடித்துக்கொண்டே. "நீங்க டாக்ஸி வச்சுப் போயிட்டு வாங்க. அப்புறமா ஃபாஜில் வந்து மாட்டிக் குடுப்பாரு."

"ஃபாஜிலா?"

"ஆமா. ஊர்ல நாலு பேரு பேசத்தான் செய்வாங்க. சவூதி மெக்கானிக்கால முடியாத வேலய ஃபாஜில் முடிச்சிட்டான்னுவாங்க. பேசிட்டுப் போகட்டும். அதயெல்லாம் நெனச்சா முடியுமா?"

சித்தீக் அதையெல்லாம் நினைத்தான். நினைத்துவிட்டு டிராவல்ஸுக்குப் போன் பண்ணி டிக்கெட்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளினான். யார்டு மேனேஜரிடம் காய்ச்சல் என்றான். ஷமீரா மடித்த சட்டைகளை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பவும் அலமாரியில் வைத்தாள்.

அதற்கப்புறம் நாட்கள் ஒரு தினுசான ஒழுங்குக்கு வந்தன. அத்தனை வருஷம் பாலைவனத்தில் இருட்டோடு எழுந்தவன், ஊரில் சுப்ஹு தொழுதுவிட்டு வெயில் ஏறும்வரை தூங்குவான். அதற்குள் ஷமீரா, மகள் மர்யமை ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, கடைத்தெரு வேலையையும் முடித்துக்கொண்டு திரும்பியிருப்பாள். எழுந்து, சாப்பிட்டு, காரைக் கிளப்பி, அது உறுமுவதைக் கேட்டு, அஸார் கடைக்குப் போவான். சாயங்காலம் போல்ட்டை மாட்டுவான்.

கடையில் போல்ட்டுக்காக நிற்கும்போது வேறு ஆட்களும் வருவார்கள். குடவாசலிலிருந்து அறுவடை மிஷின்காரர் ஒருவர் உடைந்த பேரிங்கை எடுத்துக்கொண்டு வந்தார். மன்னார்குடியில், திருவாரூரில் எல்லாம் அலைந்துவிட்டு வந்திருந்தார். அஸார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சித்தீக் எட்டிப் பார்த்துவிட்டு நம்பரைச் சொன்னான். அது கிடைக்காவிட்டால் வேறு எந்த வண்டியின் பேரிங் இதற்குப் பொருந்தும் என்பதையும் சொன்னான். அலமாரியின் அடித்தட்டிலேயே அது இருந்தது. மிஷின்காரர் சித்தீக்கின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் வயலில் கதிர் சாய்ந்து கிடந்தது. வானம் மூடிக்கொண்டு வந்தது.

அவர் நாலு பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரத்தநாட்டிலிருந்து பால் வண்டிக்காரர் வந்தார், இறால் பண்ணையிலிருந்து மோட்டார் சாமான் கேட்டு ஆள் வந்தது. அஸார் அவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டான். பிறகு ஃபேனுக்கு நேராக ஒரு நாற்காலி போட்டான். ஒருநாள் மீரா உசேனே கடைக்கு வந்து, டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்துக் கடையும் காலியாகத்தான் இருக்கிறது, தன் மகனுக்கு ஆர்டர் போடத் தெரியவில்லை, நீயும் கூட்டாகச் சேர்ந்துகொண்டால் என்ன என்று கேட்டார். சித்தீக் சிரித்து மழுப்பிவிட்டு, அன்றைய போல்ட்டை வாங்கிக்கொண்டு வந்தான்.

டிக்கெட்டை இன்னொரு முறையும் தள்ளினான். யார்டு மேனேஜர், என்ன மாதிரியான காய்ச்சல் இது என்று கேட்டார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் ஜன்னலில் வேறு ஆள் உட்காருவான் என்று முடித்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் சித்தீக்குக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டிலில் கிடந்தான். யூனிஃபார்ம் போட்ட மர்யம் அறை வாசலில் நின்று, தாயிடம் தாழ்ந்த குரலில் கேட்டது காதில் விழுந்தது.

"உம்மா, வாப்பா வண்டிய ரெடி பண்ணிட்டாங்களா?"

"இல்லடா. இன்னும் ஆகல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் மர்யம், பெரிய மனுஷி போல மூச்சை விட்டு. "வண்டி ரெடியாகுற வரைக்கும் வாப்பா போக மாட்டாங்கன்னு எங்க மிஸ்கிட்ட சொல்லிட்டேன்."

ஸ்கூட்டர் சத்தம் தெருக்கோடியில் மறைகிற வரை சித்தீக் அசையாமல் படுத்திருந்தான். அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததை அவன் போனில் பார்த்தான். முதல் பல் விழுந்ததையும் போனில்தான் பார்த்தான். பிள்ளை தன்னைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு உடைந்த வண்டியை நம்பிக்கொண்டிருப்பதை இப்போதுதான் நேரில் கேட்டான்.

எழுந்து மேனேஜருக்குப் போன் போட்டான். காய்ச்சல் எல்லாம் இல்லை, இனி வரவில்லை, கணக்கை முடித்துவிடுங்கள் என்றான். மேனேஜர் காரணம் கேட்டார். காரில் ஒரு போல்ட் நிற்க மாட்டேன் என்கிறது என்று சொன்னான். வேறு எதையும் ஆங்கிலத்தில் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுமுனை, அவனுக்கு நல்ல ஓய்வு தேவை என்று அன்பாகச் சொல்லி வைத்தது.

ஷமீராவிடம் உடனே சொல்லத்தான் நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டான். போல்ட்டை ஒழுங்காக மாட்டி, வண்டியைச் சத்தமில்லாமல் ஓட்டிக் காட்டி, அதில் அவளையும் மர்யமையும் உட்காரவைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அப்போதுதான் ஊரும், வேலை முடியாமல் போனான் என்றோ, வேலை முடியாமல் இருந்துவிட்டான் என்றோ சொல்ல முடியாது.

மத்தியானம் வழக்கம்போல் காரைக் கிளப்பினான். அது வழக்கம்போல் உறுமியது. இன்று அவனுக்குக் கோபமே வரவில்லை. அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கடைத்தெருவுக்கு நடந்தான்.

அஸாரிடம் விஷயத்தைச் சொன்னான். சவூதியை முடித்தாகிவிட்டது, வாப்பா கேட்ட கூட்டுக்குச் சம்மதம், நாளையிலிருந்தே கடையில் உட்காருகிறேன் என்றான். அஸார் கல்லாவைத் தாண்டி வந்து கட்டிக்கொண்டான். வாப்பாவுக்குப் போன் பண்ணிச் சொன்னான். டீ சொன்னான். சித்தீக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கூட்டாளி என்கிற தோரணையில் முதல் உத்தரவைப் போட்டான்.

"அந்த போல்ட்ல ஒரு பெட்டி எடுத்து எனக்குன்னு தனியா வச்சிரு அஸாரு. வண்டி அதத் தின்னுக்கிட்டே இருக்கு. தெனமும் ஒண்ணொண்ணா வாங்கிக் கட்டுப்படி ஆகல."

அஸார் சிரித்தான். அப்புறம், அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்து, கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"பெட்டிக்கு நான் எங்க போவேன் காக்கா? அந்த அளவுல நம்மகிட்ட ஒரே ஒரு போல்ட்தான் இருக்கு. மர்யமை ஸ்கூல்ல விட்டுட்டு வரும்போது லாத்தா அதத் திருப்பிக் குடுத்துட்டுப் போவாங்க, மத்தியானம் நீங்க வந்து அதயேதான் மறுபடி வாங்கிட்டுப் போறீங்க."